பொலிகாளைக்குப் போட்ட சூடு

காரிமங்கலம் சாலையில் நடந்துகொண்டிருந்தேன். மாரப்பனின் திட்டு இனி எட்டாது என்று நின்று மூச்சு வாங்கும்போதெல்லாம் இன்னொரு சொல் காற்றில் வந்து சேர்ந்தது. (நல்ல தொண்டை அவருக்கு.) சோம்பேறி என்று பல இடங்களில் என்னை விரட்டியிருக்கிறார்கள். அதிகமாக வேலை செய்ததற்காக விரட்டப்பட்டது அந்த ஒருமுறைதான்.

அறுபதுகளின் கடைசி. வயது இருபது, படிப்பு ஏழாம் வகுப்பில் பாதி. மாரப்பனின் தோட்டத்தில் சாணி அள்ளி, களி தின்ன ஆரம்பித்து மூன்றாம் நாள். அன்று இளங்காளைகளுக்குக் காயடிப்பு. காளையைக் கயிறு போட்டுச் சாய்த்து, விதை நரம்பை மரக்கிட்டியில் கொடுத்து நசுக்குவார் முனியன். அவசரம் என்பதே அறியாத மனிதர். நசுக்கியது உடனே வெளியே தெரியாது. வற்றிச் சுருங்க வாரக்கணக்காகும். அதனால் முடிந்த ஒவ்வொன்றின் தொடையிலும் அடையாளமாக ஒரு வளையச் சூடு. அந்த வட்டாரத்தில் வளையம் இருந்தால் அது எருது. அப்பீல் கிடையாது.

சூடு போடுவது என் வேலை.

இரண்டு முடிந்ததும் முனியன் கூழ் குடிக்கப் போனார். கம்பியோ நெருப்பில் பழுத்துக் கிடந்தது. எப்படியும் எல்லாவற்றையும் அடிக்கத்தானே போகிறார், ஆறவிடுவானேன்? (அறிவாளி!) புளியமரத்தடியில் கட்டியிருந்தவற்றுக்கு இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வளையம் வைத்தேன். கடைசி மாடு மற்றவற்றைப்போல இரண்டு மடங்கு இருந்தது. நன்றாகத் தின்கிறது போலிருக்கிறது என்று நினைத்தேன். அது உதைத்ததும் திமிர் என்று நினைத்து, கொஞ்சம் அழுத்தியே வைத்தேன்.

முனியன் திரும்பி வந்து வரிசையைப் பார்த்தார். "ஏம்ப்பா, என் வேலையையும் நீயே முடிச்சிட்டியா?" கடைசி மாட்டருகே போனதும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். "அடப்பாவி, இது பொலிகாளைடா!"

சுற்றுவட்டப் பசுக்களெல்லாம் சினைக்கு வந்து நிற்கும் காளை. நிழலுக்காக அங்கே கட்டியிருந்தார்கள். மாரப்பனுக்கு ஊரில் இருந்த மரியாதை பூராவும் அதன் திமிலில்தான் இருந்தது.

அவர் வந்து என் கழுத்தைப் பிடிப்பதற்குள், என் நல்ல நேரம், வெளியூர்க்காரர் ஒருவர் பசுவை ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தார். காளையின் தொடையைப் பார்த்தார். முகம் மாறியது.

"காளைன்னு சொன்னாங்க. எருதைக் கட்டி வெச்சிருக்கறீங்களே?"

"எருது இல்லீங்க, காளைதானுங்க! சந்தேகமா இருந்தா குனிஞ்சு பாருங்க!" என்றார் மாரப்பன்.

வந்தவர் குனியவில்லை. "அடிச்ச அன்னிக்கு எல்லாம் அப்படியேதானுங்க இருக்கும்" என்று பசுவைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

முனியன் சத்தியம் செய்யப் பின்னாலேயே ஓடினார். பலிக்கவில்லை. முழுக் காளை கண்ணெதிரே நிற்கிறது. மனிதர்கள் நம்பியதோ நான் போட்ட வளையத்தை. (பிறகு நிறைய ஊர் சுற்றினேன். எல்லா ஊரிலும் இதே புத்திதான்.) மாரப்பன் என் பக்கம் திரும்பினார். நான் சாலையைப் பார்த்துத் திரும்பினேன்.

இன்றைக்கும் ஏதாவது தாளில் கையெழுத்துப் போட உட்கார்ந்தால் என் மனைவி அடுப்படியிலிருந்தே குரல் கொடுப்பாள்: "குனிஞ்சு பாத்துட்டுப் போடுங்க!" பேத்தி வரைக்கும் அதைக் கற்றுக்கொண்டுவிட்டது.

மாரப்பன் விரட்டிய மறுநாள் காலை காரிமங்கலத்தில் ஒரு புளி மண்டியில் வேலை கிடைத்தது. மூட்டைகளின் மேல் மை முத்திரை குத்த வேண்டும். முதலாளி பாய், முத்திரைக் கட்டையை என் கையில் கொடுத்தார். நான் அதைக் கீழே வைத்துவிட்டு முதல் மூட்டையை அவிழ்த்தேன்.

"என்னப்பா தேடறே?"

"ஒண்ணுமில்லீங்க பாய். உள்ள புளிதான் இருக்கான்னு பாத்துக்கறேன்."