காலிப் பெட்டியின் மேல் ஒரு துண்டு

மதிப்புக்குரிய அத்தானுக்கு,

இங்கு நலம். நீங்களும் நலமாகவே இருப்பீர்கள். இல்லையென்றால் அக்கா அழைத்துச் சொல்லியிருப்பாள். என் கையெழுத்தை மருந்துச் சீட்டு என்பீர்கள். அதனால் அலுவலகக் கணினியிலேயே தட்டுகிறேன்.

தலைமையகத்தில் கணினிகளைக் கட்டி மேய்ப்பவர் நீங்கள். உண்மையைச் சொல்லுங்கள். எங்கள் கிளையை மூடப்போகிறார்களா?

போன வாரம் வேன் வந்தது. எங்கள் கணினிகளை ஏற்றிக்கொண்டு, ஆளுக்கொரு பெட்டியை இறக்கிவிட்டுப் போனது. சாப்பாட்டு டப்பா அளவு. சத்தமில்லை. சூடில்லை. திருகாணியைக் கழற்றிப் பார்த்தேன். பாதிக்கு மேல் காலி.

மேலாளரைக் கேட்டால், “எல்லாம் தலைமையகத்துலதான் ஓடுதுப்பா, இங்க இருக்கறது வெறும் வாசல்”ங்கறார், “அப்ப நாங்க?”ன்னேன், தேநீரை ஊதினார், அத்தான், ஆறிப்போன தேநீரை எதுக்கு ஊதணும், அதுல இருந்தே எனக்குத் தூக்கம் இல்ல, சோதிச்சுப் பாக்கலாம்னு பாதி வாக்கியத்துல மின்கம்பியைப் பிடுங்கினேன், காசாளரம்மா இருக்கையில போய் என் கடவுச்சொல்லைப் போட்டா விட்ட எழுத்துலயே அந்த வாக்கியம் எனக்காகக் காத்துக்கிட்டிருக்கு, நேத்து என்னடான்னா நான் கையைக் கட்டிக்கிட்டு உட்கார்ந்திருக்கேன், திரையில அம்பு தானா நகருது, நான் அலறினதுக்குக் காசாளரம்மா தலையைக்கூடத் தூக்காம, “பேய் இல்ல தம்பி, பெரிய ஆபீஸ்”னாங்க.

யாரோ பார்க்கிறார்கள். யாரென்று ரகசியமாக விசாரியுங்கள். பயப்பட வேண்டாம், பெட்டியைத் துண்டால் இறுக மூடிவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

வேலை போனால் நான் அக்கா வீட்டுக்குத்தான் வருவேன். உங்களுக்கும் அது நல்லதல்ல.

அக்காவுக்கு அன்பு. உங்களுக்கு வணக்கம். குழந்தைகளுக்கு, வேலை இருக்கும்வரை, மிட்டாய்.

உங்கள் மச்சான்

பின்குறிப்பு: மச்சான், இதை அச்செடுக்காதே. நீ தட்டத் தட்ட இங்க என் திரையில படிச்சிட்டேன். நேத்து அம்பை நகர்த்தினதும் நான்தான்; பிரிண்டரைச் சரிபண்ணச் சொல்லி உங்க மேலாளர்தான் கேட்டார். கிளையை மூடல. ஒவ்வொரு தடவையும் அங்க ஆள் அனுப்பி ரிப்பேர் பார்க்க முடியாதுன்னுதான் இந்தப் பெட்டி. துண்டை எடு, சூடாகும். வீட்டுக்கு வர்றேன்கிற வரியை அழி. உங்க அக்கா கண்ணுல பட்டா இன்னைக்கே உனக்கு ஒரு அறையை ஒழிச்சுக் கொடுத்துடுவா. — அத்தான்

அத்தான், மேலே இருப்பதை நான் எழுதவில்லை. யாரோ உங்கள் பெயரில் எழுதியிருக்கிறார்கள். நீங்கள் எனக்கு ஒருநாளும் நல்ல செய்தி சொன்னதில்லை. இன்னொரு துண்டு போட்டிருக்கிறேன்.