ஃபார்மட் செய்யப்படாத இரண்டு டிஸ்க்குகள் விஷயமாக

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் அம்மாவும் நலம். நீ அமைத்துக் கொடுத்துவிட்டுப் போன புது சர்வரும் நலம். மூவரில் அதற்கு மட்டும்தான் மூட்டுவலி இல்லை. அங்கே நீ வேளைக்குச் சாப்பிடுகிறாய் என்று நம்புகிறோம். இதைப் போனிலேயே சொல்லியிருக்கலாம். ஆனால் இரண்டாவது வாக்கியத்திலேயே "ஷார்ட்டா சொல்லுங்கப்பா" என்பாய். கடிதத்தில் அந்தத் தொல்லை இல்லை.

விஷயம் இதுதான். நம் வீட்டுப் படம், வீடியோ எல்லாவற்றையும் பழைய சர்வரிலிருந்து புதியதற்கு மாற்றினாய், சந்தோஷம். பேக்கப் எடுக்கும் இரண்டு வெளி டிஸ்க்குகளை மட்டும் "என்ன ஃபைல் சிஸ்டம்னு முடிவு பண்ணி ஃபார்மட் பண்ணிக்கோங்கப்பா, எதுன்னாலும் ஓகே" என்று சொல்லிவிட்டு டாக்சியில் ஏறிவிட்டாய். எதுன்னாலும் ஓகே என்றால் எது? என்டிஎஃப்எஸ் போட்டால் என் லேப்டாப் படிக்கும், சர்வர் முணுமுணுக்கும். எக்ஸ்டி-ஃபோர் போட்டால் சர்வருக்குக் கொண்டாட்டம், லேப்டாப் அந்த டிஸ்க்கை யாரோ என்று பார்க்கும். கம்ப்யூட்டர் கடைக்காரர், "எக்ஸ்ஃபாட் போடுங்க சார், எல்லாத்துலயும் ஓடும்" என்றார். எழுதும்போது பாதியில் கரண்ட் போனால் என்று கேட்டேன். "போகாம பாத்துக்கோங்க" என்றார். அவர் கடையிலேயே அப்போது கரண்ட் இல்லை. உன் அம்மாவோ, "என்னைக் கட்டிக்கறதுக்கே நீங்க இவ்வளவு நாள் யோசிக்கல" என்கிறாள்.

ஃபார்மட் செய்தால் டிஸ்க்கில் இருப்பதெல்லாம் போய்விடும், அதனால் எல்லாம் புது சர்வருக்கு வந்துவிட்டதா என்று முதலில் சரிபார்க்கச் சொன்னாய். அதற்கு ஏதோ ஒரு கமாண்டும் எழுதிக் கொடுத்தாய். அச்சகத்தில் காலமெல்லாம் புரூஃப் பார்த்தவன் நான், மிஷின் பேச்சை நம்பி எதையும் அச்சுக்கு அனுப்பியதில்லை. எங்கள் வழக்கப்படி ஒருவர் மூலத்தை வாசிக்க, இன்னொருவர் நகலைப் பார்க்க வேண்டும். ஆகவே அம்மா டிஸ்க்கைத் திறந்து வாசிக்கிறாள், நான் சர்வரில் பார்க்கிறேன். அவள் ஃபைல் பெயரோடு நிறுத்தினால்தானே! "நீலச் சட்டை, முன்பல் ரெண்டும் இல்ல, ஒரு சாக்ஸ் இறங்கியிருக்கு" என்கிறாள். "இருக்கு" என்கிறேன். "மூஞ்சியத் தூக்கி வெச்சிருக்கா, ஏன்னு தெரியல." "இருக்கு." நீ சைக்கிள் பழகும் வீடியோவும் இருக்கிறது. ஒரு கையில் உன் சீட்டு, ஒரு கையில் கேமரா, அதனால் படம் முழுக்க என் கட்டைவிரல்தான். "விட்டுடாதீங்கப்பா, விட்டுடாதீங்க"ன்னு உன் குரல் மட்டும் கேக்குது. அதைத் திரும்பத் திரும்ப சரிபார்த்தோம். பிழை ஒண்ணும் இல்ல, சும்மாதான் பாத்தோம்.

பழைய சர்வர் ரொம்ப நல்ல சர்வர்ம்மா. வாரத்துக்கு ஒரு தடவையாவது படுத்துக்கும். நீ உடனே கூப்பிடுவே. "பச்சை லைட் எரியுதாப்பா, அந்த பட்டனை அமுக்குங்க"ன்னு பேசிட்டே இருப்பே, அம்மா நடுவுல பூந்து என்ன சாப்பிட்டேன்னு கேப்பா, நான் வேணும்னே தப்பு பட்டனை அமுக்குவேன். புதுசு படுக்கவே மாட்டேங்குது. தினம் காலைல எல்லாம் சரின்னு உனக்கு மட்டும் ஒரு மெயில் அனுப்புதாம், எங்களை ஒரு வார்த்தை கேக்கறதில்ல. இப்போ ஞாயித்துக்கிழமை நீ கூப்பிட இந்த வீட்டுல மிச்சம் இருக்கறது அந்த ரெண்டு டிஸ்க்குதான். "என்னப்பா, முடிவு பண்ணீங்களா?"ன்னு நீ ஆரம்பிச்சாத்தான் பேச்சு வேற எதுக்காவது போகும். உன்னைப் பாக்கணும் போல இருக்கு. ஆகவே இது நீ நேரில் வந்து தீர்க்க வேண்டிய விஷயம் என்று முடிவு செய்திருக்கிறேன். அதுவரை டிஸ்க்குகளை யாரும் தொடமாட்டோம்.

நீண்ட ஆயுளும், அறுந்துபோகாத இன்டர்நெட்டும், நல்ல தூக்கமும் உனக்கு அமைய எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு,
அப்பா

பி.கு.: இதைப் படித்த அம்மா, "பொய்யை எழுதி ஸ்டாம்பு வேற ஒட்டணுமா?" என்கிறாள். ஆகவே எழுதுகிறேன். இரண்டு டிஸ்க்கையும் போன மாதமே எக்ஸ்டி-ஃபோரில் ஃபார்மட் செய்துவிட்டேன். பேக்கப் தினமும் ஓடுகிறது. உனக்கு வரும் காலை மெயிலில் அதுவும் இருக்கும் என்பது இப்போதுதான் எனக்கு உறைத்தது. அப்படியானால் உனக்கு ஒரு மாதமாகவே தெரியும். தெரிந்தும் போன ஞாயிற்றுக்கிழமை, "என்னப்பா, முடிவு பண்ணீங்களா?" என்று கேட்டிருக்கிறாய்.

இன்னும் இல்லைம்மா.