அப்பிள் தோட்டத்தில் கொக்கத்தடி

கனடாவின் இலையுதிர் காலத்தை இலை அண்ணை அளவுக்கு அவமானப்படுத்திய இன்னொருவர் இந்த நாட்டில் பிறக்கவும் இல்லை, வந்து இறங்கவும் இல்லை.

மல்வேர்னில் எனக்கு அடுத்த வீடு அவருடையது. இந்தியாவிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளைத் தன் பேஸ்மெண்டில் வாடகைக்கு வைத்திருப்பார். ஒக்ரோபரில் தாங்ஸ்கிவிங் விடுமுறை வந்தால் போதும், "பிள்ளையளுக்குக் கனடாவைக் காட்டவேணும்" என்று கிளம்பிவிடுவார். காட்டுவது அவர், ஓடுவது என் வான் வண்டி. வருடக்கணக்காக இரவு வேலைக்குப் போய்ப் பகலெல்லாம் தூங்கிய மனிதர், பென்சன் எடுத்த பிறகுதான் இங்கே இலை நிறம் மாறுகிறது என்பதையே கண்டுபிடித்தார். அன்றிலிருந்து மரத்துக்கு மரம் தானே ஏறி வர்ணம் பூசியது போலத்தான் பேச்சு; பெயரும் இலை அண்ணை ஆயிற்று.

போன வருடம் அவருடைய பேஸ்மெண்டில் இருந்த சேலத்துத் திவ்யாவும் அவளுடைய தோழிகளும் அப்பிள் பறிக்க வந்தார்கள். வழியில் திவ்யா கேட்டாள்: "அங்கிள், அந்த மஞ்சளா நிக்குறது என்ன மரம்?"

"உது கனடா மரம், பிள்ளை."

"அப்போ அந்தச் சிவப்பு?"

"அதுவும் கனடா மரந்தான். கொஞ்சம் பழசு."

இந்த அறிவுச் சுரங்கத்தை முன் இருக்கையில் ஏற்றிக்கொண்டு, கூரையில் அவருடைய கொக்கத்தடியையும் கட்டிக்கொண்டு நான் ஓட்டினேன். ஆம், கொக்கத்தடி. யாழ்ப்பாணத்தில் உச்சி மாங்காய் பறிக்கிற அதே நீளத் தடி. நுனியில் சிவப்புத் துணி வேறு. பக்கத்துக் கார்க்காரர்கள் எல்லாரும் எட்டி எட்டிப் பார்த்தார்கள். எனக்கு மானம் போயிற்று.

பாதி வழியில் திவ்யாவின் கைபேசி அடித்தது. அம்மா. குரல் வான் முழுக்கக் கேட்டது.

"கேமரா ரிப்பேர், கேமரா ரிப்பேர்னு எத்தனை மாசம்டி சொல்லுவ? இன்னைக்கு உன் மூஞ்சியையும் நீ இருக்கிற வீட்டையும் காட்டல, அப்பா டிக்கெட் போட்டுடுவாரு. படிச்சது போதும், வந்து சேரு."

கேமராவுக்கு ஒரு கோளாறும் இல்லை. தோட்டம் வைத்த பெரிய வீடு என்று அவள் வீட்டில் சொல்லியிருந்தாள். உண்மையில் அவள் அறையின் ஜன்னல் கூரையோடு ஒட்டிய ஒரு பொந்து. அதன் வழியே தெரிவது என் வானின் சக்கரம் ஒன்றுதான். அந்தப் பொந்துக்கு ஜன்னல் என்று பெயர் வைத்த மகானும் இலை அண்ணைதான். திவ்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவர் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

தோட்டத்தில் அப்பிள் மரங்கள் என் தோள் உயரம்தான். குழந்தைகள்கூடக் கையால் பறித்தார்கள். இலை அண்ணையோ முகத்துக்கு நேரே தொங்கிய பழத்துக்குக் கொக்கத்தடியைப் போட, பின்னால் நடந்தார், நடந்தார், அடுத்த வரிசைக்கே போய்விட்டார். அங்கே வேலை செய்த வெள்ளைக்காரப் பெண் ஓடிவந்து, இது என்ன என்று ஆங்கிலத்தில் கேட்டாள்.

"மாங்கோ ஸ்ரிக்," என்றார் கம்பீரமாக. அவள் ஒரு மாமரத்தைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தாள்.

பறித்ததாவது நல்ல பழமா? காயாகப் பார்த்துப் பறித்து, உப்பும் மிளகாய்த்தூளும் தொட்டுப் பிள்ளைகளுக்கு நீட்டினார். "உதுதான் கனடாக்காரர் சாப்பிடுற முறை." கனடாக்காரர் யாராவது கேட்டிருந்தால் வழக்குப் போட்டிருப்பார்.

மறுபடியும் கைபேசி அடித்தது. திவ்யா எடுக்கவில்லை.

"எடு பிள்ளை. வீடியோவிலை எடு."

"அங்கிள், வீட்டக் காட்டச் சொல்லுவாங்க..."

அவர் அதை வாங்கி, தானே அழுத்தி, அவள் முகத்துக்கு நேரே பிடித்தார். மகளைக் கண்டதும் அந்த அம்மா அழுத அழுகைக்குப் பக்கத்து மரத்துக்காரர்களும் திரும்பினார்கள். திவ்யாவும் அழுதாள். இலை அண்ணை இடையில் தலையை நீட்டினார்.

"அழாதேங்கோ தங்கச்சி. நான்தான் வீட்டுக்காரன். உது எங்கடை வீட்டுப் பின்வளவு."

கண்ணுக்கெட்டிய தூரம் வரை அப்பிள் மரம். தோட்டம் சுற்றிப்பார்க்க வந்த ஆட்கள் வைக்கோல் வண்டி நிறைய வேறு அந்தப் பக்கமாகப் போனார்கள்.

"ஐயோ, இவ்வளவு பெரிசா! இத்தனை மரத்துக்கும் யாருங்க தண்ணி ஊத்துறது?"

அவர் கொஞ்சமும் யோசிக்காமல் கைபேசியை என் பக்கம் திருப்பினார். "உந்தத் தம்பிதான். எங்கடை தோட்டக்காரன். நல்ல பெடியன், சம்பளமே கேக்கமாட்டான்."

வங்கியில் மேலாளர் நான். வாயைத் திறந்தேன். திவ்யா என்னைப் பார்த்த பார்வையில் மூடிக்கொண்டேன். கீழே கிடந்த கொக்கத்தடியை எடுத்துத் தோளில் வைத்து, அந்த அம்மாவுக்கு ஒரு கும்பிடும் போட்டேன்.

திவ்யாவின் அப்பா டிக்கெட் போடவில்லை. அடுத்த வாரமே இலை அண்ணை ஆளைப் பிடித்து அந்தப் பொந்தை இடித்து ஒழுங்கான ஜன்னல் வைத்தார். திவ்யா படிப்பை முடித்துவிட்டாள், ஒட்டாவாவில் வேலை. அவள் அம்மா இன்னும் என்னை விசாரிக்கிறாராம்: "அந்தத் தோட்டக்காரத் தம்பிக்குச் சாப்பாடாவது ஒழுங்கா போடுறாங்களா?"

இதோ, இந்த வருடமும் இலை சிவக்கத் தொடங்கிவிட்டது. வானைக் கழுவி, கூரையில் தடி கட்டப் புதுக் கயிறும் வாங்கி வைத்திருக்கிறேன். அந்த மனிதர் இன்னும் கூப்பிடவில்லை. கூப்பிடாமல் விட்டுவிடுவாரோ என்று பயமாக இருக்கிறது.