நின்றுகொண்டே சொல்லுங்கள், டாக்டர்

பெருமதிப்புக்குரிய மைத்துனர் அவர்களுக்கு,

உங்கள் தங்கையின் கணவன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. நான் நலம். உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது? இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் கை போகிறது. ஆனால் உங்கள் தங்கைக்கு வென்டிலேட்டர் வைத்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது என்பது உங்களுக்கே தெரியும். புறப்பட்டு வரட்டுமா என்று மூன்று முறை போனில் கேட்டீர்கள். போனில் பேசினால் பாதியிலேயே வைத்துவிடுகிறேன். அதனால்தான் இந்த மின்னஞ்சல். வர வேண்டாம். காரணத்தை விவரமாக எழுதுகிறேன்.

நிமோனியா என்று சேர்த்த நாளிலிருந்து டாக்டர்கள் தங்களுக்குள் பேசுவதில் ஒரு வார்த்தைகூட எனக்குப் பிடிபடவில்லை. முப்பத்தோரு வருஷம் பஸ்ஸில் டிக்கெட் பரிசோதகராக இருந்தவனுக்கு, யார் என்ன சொன்னாலும் அப்படியே நம்புகிற பழக்கம் கிடையாது. ஐசியூ வராந்தாவில் உட்கார்ந்தபடியே போனில் தேடினேன். தீவிர சிகிச்சையைப் படித்துக்கொள்ள டாக்டர்களுக்கென்றே இணையத்தில் பாடங்கள் கொட்டிக் கிடக்கின்றன, மச்சான். வீடியோ, படம், ஒவ்வொரு பாடத்துக்கும் ஒரு பரீட்சை. ஒன்றில் சேர்ந்துவிட்டேன். எந்த மருத்துவமனை என்று கேட்டது. இதன் பெயரைப் போட்டேன். எந்தப் பிரிவு என்று கேட்டது; ஐசியூ என்று போட்டேன். கதவுக்கு வெளியே என்று எழுத அங்கே இடம் விடவில்லை.

நான்காம் பாடம் வென்டிலேட்டர். அதைப் படித்த தைரியத்தில், பார்வை நேரத்தில் உள்ளே போனபோது இயந்திரத்தின் எண்களை ஒரு துண்டுச் சீட்டில் குறித்துக்கொண்டு, ஆக்சிஜன் அறுபதில் இருக்கிறதே, நாற்பதுக்கு எப்போது இறக்க உத்தேசம் என்று டாக்டரிடம் கேட்டுவிட்டேன். அவர் மரியாதையாக, சார் எந்த ஆஸ்பத்திரி டாக்டர் என்று விசாரித்தார். டிக்கெட் இல்லாமல் மாட்டிக்கொண்டவன் முகம் எப்படிப் போகும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அன்று என் முகம் அப்படிப் போயிற்று. ஏழாம் பாடம் அலாரங்கள். இந்தச் சத்தம் வந்தால் குழாய் கழன்றுவிட்டது என்று வீடியோ ஒலித்துக் காட்டியது. போனில் சத்தம் முழுசாக இருந்ததை நான் கவனிக்கவில்லை. உள்ளேயிருந்து மூன்று நர்ஸுகள் ஆளுக்கொரு கட்டிலுக்கு ஓடினார்கள். தலைமை நர்ஸ் வெளியே வந்து, "காதுல மாட்டிக்கிட்டுப் படிங்க, இல்லன்னா படிக்காதீங்க" என்றார். மாட்டிக்கொண்டேன். மறுநாள் பார்வை நேரத்தில் என்னை நான்கு தடவை கூப்பிட்டார்களாம். நான் பதினோராம் பாடத்தில், சிறுநீரகத்தில் இருந்தேன். நிமிர்ந்து பார்த்தபோது கதவைச் சாத்திவிட்டார்கள். அன்று முழுக்க அவளைப் பார்க்கவில்லை.

முப்பது பாடத்தில் நான் பாஸானது இரண்டில். ஆனால் முப்பத்தோராம் பாடத்தில் நூற்றுக்கு நூறு. அது மருந்தைப் பற்றியது அல்ல. கெட்ட செய்தியை உறவினரிடம் எப்படிச் சொல்வது என்பது. தனி அறைக்கு அழைத்துப் போக வேண்டும். டாக்டர் உட்கார வேண்டும், நின்றுகொண்டு சொல்லக் கூடாது. போனை அணைத்துவிட வேண்டும். உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று முதலில் கேட்க வேண்டும். பிறகு எளிய வார்த்தையில் சொல்லிவிட்டு, பேசாமல் இருக்க வேண்டும்.

அதிலிருந்து நான் உஷாராகிவிட்டேன். வராந்தாக் கோடியில் ஒரு சின்ன அறை, அதில் இரண்டு நாற்காலி. இரண்டையும் வெளியே இழுத்துப் போட்டேன். துப்புரவு அம்மா உள்ளே வைப்பார். அவர் திரும்பியதும் நான் எடுத்துவிடுவேன். இரண்டு நாளாக டாக்டர், கொஞ்சம் உட்கார்ந்து பேசலாமா என்று கேட்டுக்கொண்டே இருக்கிறார். "நின்னுக்கிட்டே சொல்லுங்க டாக்டர், எனக்குக் கால் வலியெல்லாம் கிடையாது" என்கிறேன். அவர் அடுத்த கட்டிலைப் பார்க்கப் போய்விடுகிறார். பாடத்தின்படி இதுவரை கெட்ட செய்தி எதுவும் சொல்லப்படவில்லை. ஆகவே உங்கள் தங்கைக்கு ஆபத்து இல்லை என்பது என் முடிவு. வீட்டுக்கு வந்ததும் அவளே உங்களுக்குப் போன் செய்வாள். என்னைப் பற்றி அவள் சொல்ல வேண்டிய பன்னிரண்டு நாள் புகார் பாக்கி இருக்கிறது.

முழங்காலைப் பார்த்துக்கொள்ளுங்கள். வீட்டில் பெரியவர்களுக்கு வணக்கமும் சிறியவர்களுக்கு என் ஆசியும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கை கணவன்

பி.கு.: இதை அனுப்பப் போகும்போது மாடிப்படியில் இருந்தேன். நாற்காலியே இல்லாத இடம். டாக்டர் தேடிக்கொண்டு வந்தார். என் பக்கத்தில், அதே படியில், வெள்ளைக் கோட்டோடு உட்கார்ந்துவிட்டார். தன் போனை எடுத்து அணைத்தார். "உங்களுக்கு எவ்வளவு தெரியும்?" என்று கேட்டார். எல்லாம் தெரியும் என்றேன். ஆனாலும் சொன்னார். இனி எந்த மருந்துக்கும் கேட்காதாம். நாளை மாலை வரை தாங்கினால் பெரிதாம். பாடத்தில் சொன்னபடியே அப்புறம் பேசாமல் இருந்தார், நான் அழுது முடிக்கும்வரை. உடனே புறப்பட்டு வாருங்கள், மச்சான். மேலே எழுதியதை அழிக்க எனக்கு மனசு வரவில்லை. அந்த இரண்டு நாற்காலியையும் நானே திரும்ப அறையில் வைத்துவிட்டேன். உங்கள் முழங்காலோடு நீங்கள் நிற்க முடியாது.