முனியாண்டி வீட்டில் நான் கை நனைக்கவில்லை

லாபு தோட்டம்,
சுபானு வருஷம், புரட்டாசி மாதம்.

பாரோயில் குடியிருக்கும், என்னைத் தூக்கி வளர்த்த தமக்கையார் செல்லம்மா அவர்களின் சமுகத்துக்கு, லாபு தோட்டத்து ஸ்டோரில் கணக்கெழுதும் கிராணி, தம்பி அமிர்தலிங்கம் அநேக நமஸ்காரங்களுடன் எழுதிக்கொண்டது. இங்கு நானும் என் சம்சாரம் லெட்சுமியும் உன் மருமகனாகிய எங்கள் பிள்ளை தங்கராஜுவும் மாரியாத்தா புண்ணியத்தில் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டு சுகம். அங்கு தாங்களும் அத்தானும் மரவள்ளிக்கிழங்கு சாப்பிட்டு சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தாங்கள் என்று எழுதக் கை கூசுகிறது அக்கா, நீ என்றே எழுதுகிறேன். லாரிக்கார ராமசாமி காலையில் கொடுத்த உப்புப் பொட்டலம் வந்து சேர்ந்ததா? உப்பில்லாத ரசம் குடித்துக் குடித்து நாக்கே செத்துவிட்டது என்று நீ சொல்லி அனுப்பினாயே, அதைக் கேட்டதிலிருந்து எனக்கும் இங்கே கிழங்கு தொண்டையில் இறங்கவில்லை.

இனி முக்கியமான விஷயம். சுவா தோட்டத்து முனியாண்டி கங்காணி வீட்டில் நான் கை நனைத்துவிட்டதாக யாராவது வந்து சொன்னால் நம்பாதே. பெண் இருக்கிற வீட்டில் பையனைப் பெற்றவன் உட்கார்ந்து சாப்பிட்டால் சம்பந்தத்துக்குச் சம்மதம் என்று அர்த்தம், இது தெரியாத பச்சைப் பிள்ளையா நான்? மாரியம்மன் திருவிழாவில் அத்தானுக்குக் கட்ட வேண்டிய பரிவட்டத்தை முனியாண்டி தன் தலையில் கட்டிக்கொண்டதும், நீ கோயில் வாசலிலேயே மண்ணை வாரித் தூற்றி, "இனிமே அவன் வீட்டு உப்பு நம்ம குடும்பத்துல ஒருத்தர் நாக்குல படக் கூடாது" என்று கத்தியதும் எனக்கு மறக்குமா? தங்கராஜு கட்டினால் முனியாண்டி மகள் வள்ளிநாயகியைத்தான் கட்டுவேன் என்று முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு திரிந்தபோதும், அத்தை சரி என்று சொல்லாமல் ஆகாது என்று நான் சொன்னது சொன்னதுதான். அவனுக்கு அக்கா தங்கை இல்லை. மணவறையில் நீ வந்து விளக்குப் பிடிக்காவிட்டால் அது கல்யாணமா?

நடந்தது என்னவென்றால், மரவள்ளி நன்றாக நட்ட தோட்டத்துக்கு ஒரு நாள் விடுமுறை, சைக்கிளிலும் படகிலும் தீவு தீவாகச் சுற்றிக் காட்டப்படும் என்று ஜப்பான் துரை உத்தரவு போட்டார். லாபுவுக்குக் கிடைத்தது. சுவாவுக்கும் கிடைத்தது என்பது லெட்சுமிக்கும் தங்கராஜுவுக்கும் தெரியும், எனக்குத்தான் யாரும் சொல்லவில்லை. வழிகாட்டியாக யாழ்ப்பாணத்துச் சிவசிதம்பரம் ஐயாவைப் போட்டிருந்தார்கள். முன்பு சர்வே ஆபீசில் இருந்தவர், குடையும் வரைபடமுமாக வந்து நின்றார். டயர் கிடைக்காத காலமாச்சே அக்கா, ரப்பர் ஷீட்டை நீளநீளமாக அறுத்து ரிம்மில் சுற்றிக் கம்பியால் கட்டித்தான் எல்லோரும் ஓட்டுகிறோம். வெயில் ஏற ஏற என் சைக்கிளில் அது இளகி, பிரிந்து, சுவா முச்சந்திக்கு வரும்போது என் காலைச் சுற்றிக்கொண்டு என்னைக் கீழே தள்ளிவிட்டது. எழுந்து பார்த்தால் எதிரே யார்? முனியாண்டியேதான், மகளும் சம்சாரமும் பின்னால் நிற்க. "ஏறிக்குங்க கிராணியாரே, போர்ட்டிக்சன் வரைக்கும் நடந்தா கால் என்னாவுறது?" என்றார். சீனன் கடையில் என் சைக்கிளைப் போட்டுவிட்டு அவருடைய கேரியரில் ஏறினேன், மறுக்கவில்லை. ஆனால் பின்பக்கம் பார்த்து, அவருக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார்ந்தேன். அவர் ஒரு திசையைப் பார்த்துப் போனார், நான் வேறு திசையைப் பார்த்துப் போனேன். இதைச் சேர்ந்து போனதாகக் கணக்கில் எடுக்கக் கூடாது. எதிரே வந்த சனமெல்லாம் சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

கடற்கரையில் பாக் ஹமிட் என்கிற மலாய்க்காரரின் படகு நின்றது. அதில் எங்களை ஏற்றினால் போதாதா? சைக்கிள்களையும் ஏற்றச் சொல்லிவிட்டார் ஐயா. "தீவு சின்னதா இருக்குமே ஐயா, சைக்கிள் எதுக்கு?" என்று கேட்டதற்கு, "சைக்கிளும் வள்ளமும் எண்டுதான் உத்தரவிலை கிடக்கு. ஏத்துங்கோ, கதைக்காதையுங்கோ!" என்றார். ஏற்றுகிற தள்ளுமுள்ளில் ஒரு ஹேண்டில் இடித்து லெட்சுமி கட்டிக்கொண்டு வந்த கிழங்கு அடை கூடையோடு கடலில் விழுந்தது. முதல் தீவோ நம் லயத்து வாசல் அளவுதான் இருந்தது. தங்கராஜுவின் சைக்கிளை வாங்கி நாலு மிதி மிதித்தேன், கடல் வந்துவிட்டது. ஐயா விடவில்லை. வரிசையாகச் சுற்றிவர வேண்டும் என்றார். சுற்றினோம். முன்னால் போனவர் கடைசி ஆளைப் பிடித்துவிட்டதால் யார் முதல், யார் கடைசி என்றே தெரியவில்லை. முனியாண்டி எனக்கு முன்னாலும் போனார், பின்னாலும் வந்தார். தலைப்பாகை அவிழ்ந்து முகத்தில் விழ அவர் மணியடித்துக்கொண்டே போனதைப் பார்த்து எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவருக்குத் தெரியாமல் கடல் பக்கம் திரும்பிக்கொண்டுதான் சிரித்தேன்.

இரண்டாவது தீவில்தான் வம்பு. நாங்கள் சுற்றி முடித்து வருவதற்குள் தண்ணீர் வற்றிப் படகு மணலில் உட்கார்ந்துவிட்டது. பாக் ஹமிட் ஒரு சுருட்டைப் பற்றவைத்துக்கொண்டு "துங்கு லா" என்றார், தண்ணீர் திரும்பி வரும்வரை சும்மா இருங்கள் என்று. ஐயா வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது திட்டத்திலை இல்லை" என்று குடையை விரித்து உட்கார்ந்துவிட்டார். உச்சிவெயில், பசி காதை அடைக்கிறது. அந்தப் பெண் வள்ளிநாயகி ஒருவரையும் கேட்கவில்லை. கரை ஒதுங்கிய கட்டைகளைப் பொறுக்கி அடுப்பு மூட்டி, தங்கள் மூட்டையிலிருந்து சட்டியும் கிழங்கும் எடுத்துக் கடல் தண்ணீரிலேயே வேகவைத்தாள். பக்கத்திலேயே இன்னொரு சட்டியில் கடல் தண்ணீரை ஊற்றிச் சுண்டக் காய்ச்சவும் ஆரம்பித்துவிட்டாள். தேங்காய்த் துருவலும் சுட்ட மிளகாயும் போட்டு வாழையிலையில் கொண்டுவந்து என் முன்னால் வைத்தாள். எத்தனை மாதமாயிற்று உப்பு வாசனை பார்த்து! நான் பல்லைக் கடித்துக்கொண்டு, "எனக்குப் பசிக்கல. அதோட உங்க வீட்டு உப்பு எங்களுக்கு ஆகாதும்மா" என்றேன். அவள் கொஞ்சமும் முகம் சுளிக்காமல், "இது எங்க வீட்டு உப்பு இல்ல மாமா, கடலோட உப்பு. கடலு மேல கோவமா ஒங்களுக்கு?" என்றாள். மாமாவாம்! லெட்சுமி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

நியாயமாக யோசித்துப் பார் அக்கா. கடலுக்கு முனியாண்டி சொந்தக்காரரா? இல்லை. அப்படியென்றால் அந்த உப்பில் குற்றமில்லை. மிச்சமிருப்பது கை நனைகிற விஷயம்தானே, அதற்கும் வழி கண்டுபிடித்தேன். சீனர்கள் குச்சியால் சாப்பிடுகிறார்களே, அந்த மாதிரி இரண்டு சுள்ளியை ஒடித்துக்கொண்டேன். கிழங்கை அதில் கவ்வி வாய்க்குக் கொண்டுபோனேன், வேட்டியில் விழுந்தது. மறுபடி கவ்வினேன், பாக் ஹமிட் மடியில் விழுந்தது. ஆனாலும் என் கை நனையவில்லை. இதைச் சத்தியமாகச் சொல்ல நான் தயார்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன், கோபிக்காதே. எனக்கு அன்றைக்கு மனசு நிறைந்திருந்தது. சயாமுக்கு ரயில் பாதை போட ஆள் பிடிக்கிறவர்கள் போன வாரமும் லயத்துப் பக்கம் வந்து போனார்கள். தங்கராஜுவின் பெயரை எப்போது கூப்பிடுவார்களோ என்று நானும் லெட்சுமியும் பயந்து செத்துக்கொண்டிருக்கிறோம், அவன் சிரித்தே வெகுநாளாயிற்று. அன்றைக்கு அவன் அந்தப் பெண்ணோடு கட்டை பொறுக்கிக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தான். தண்ணீர் சாயங்காலம்தான் திரும்பியது. அதுவரைக்கும் நானும் முனியாண்டியும் ஒரே கட்டையில்தான் உட்கார்ந்திருந்தோம், வேறு கட்டை இல்லை. அப்போது அவராகவே, "அந்தப் பரிவட்ட விஷயம்... தர்மகர்த்தா கூப்புட்டாரு, நானும் தலைய நீட்டிட்டேன். ஒங்க அத்தான்கிட்ட அன்னைக்கே வந்து மன்னிப்புக் கேட்டிருக்கணும். ஒங்க அக்கா கண்ணப் பார்க்கத்தான் பயம்" என்றார். உன்னைப் பார்த்துப் பயப்படாதவர் யார் இருக்கிறார்கள், அதில் அவரைக் குறை சொல்ல முடியாது. ஆனால் நான் ஒரு வாக்கும் கொடுக்கவில்லை.

ஆகவே யார் என்ன சொன்னாலும் நீ கலங்க வேண்டாம். அத்தான் கால் வலிக்கு ரப்பர் விதை எண்ணெயைத் தடவித் தீர்த்துவிடாமல் இருக்கச் சொல். மாரியாத்தா நம் எல்லோரையும் ஒரே இடத்தில் உட்காரவைத்துச் சோறு போடுகிற நாள் சீக்கிரம் வரட்டும் என்று வேண்டிக்கொண்டு, உன் காலில் விழுந்து எழுகிறேன்.

என்றும் உன் சொல் தட்டாத,
அமிர்தலிங்கம்.

பின்குறிப்பு: ராமசாமியிடம் உப்பைக் காலையிலும் கடிதத்தைச் சாயங்காலத்திலும் கொடுக்கச் சொல்லியிருந்தேன். ஆகையால் மத்தியான ரசம் இந்நேரம் முடிந்திருக்கும். ருசியாக இருந்ததா? அந்த உப்பு வள்ளிநாயகி தீவில் காய்ச்சியது. அத்தைக்கு என்று சொல்லித் தன் கையால் பொட்டலம் கட்டிக் கொடுத்தாள். மேலே நான் எழுதிய நியாயமெல்லாம் செல்லாது அக்கா. கடல் யாருடையதாக இருந்தாலும் காய்ச்சினவள் அவள். எனக்கும் இரண்டாவது வாயிலேயே சுள்ளி ஒடிந்துவிட்டது, பிறகு முழங்கை வழியக் கையால்தான் சாப்பிட்டேன், மறுபடியும் கேட்டு வாங்கினேன். நானும் நனைத்தாயிற்று, நீயும் நனைத்தாயிற்று. தை மாதம் நாள் பார்த்திருக்கிறது. முனியாண்டி நாளை மறுநாள் அத்தானைப் பார்த்து மன்னிப்புக் கேட்க அங்கே வருகிறார், மண்ணை வாரித் தூற்றிவிடாதே. விளக்கு எங்கள் வீட்டிலேயே இருக்கிறது. எண்ணெய்தான் இல்லை, விளக்குப் பிடிக்க வரும்போது கொஞ்சம் கொண்டு வா.