குழாயடியில் ஓர் இயல்பான புன்னகை

பிரதேச சபைத் தேர்தலில் போட்டியிடும் ஒருவருக்குக் கொள்கை இல்லாவிட்டாலும் காரியம் நடக்கும்; நல்ல நிழற்படம் இல்லாவிட்டால் நடக்காது. கலஹாப் பகுதி வேட்பாளர் சந்திரகுமார் இதைச் சற்றுத் தாமதமாகவே உணர்ந்தார். நீலத் திரைக்கு முன்னால் கைகூப்பி நின்ற அவருடைய விளம்பரம் முகநூலில் வெளியான அன்றே, பலர் அதன்கீழ் "ஆழ்ந்த அனுதாபங்கள்" என்று எழுதிவிட்டார்கள். ஒருவர் அடக்கம் எத்தனை மணிக்கு என்றும் விசாரித்திருந்தார்.

பிரசாரக் குழு அவசரமாகக் கூடியது. "வேட்பாளரின் மக்கள் நெருக்கத்தைக் காட்சிவழி நிலைநிறுத்தல்" என்னும் தீர்மானத்தை ஊடக ஆலோசகர் சஞ்சயன் முன்மொழிய, அது ஏகமனதாக நிறைவேறியது. அதாவது, தண்ணீர் பிடிக்கும் பெண்களுக்கு நடுவில் அவரை நிறுத்திப் படமெடுப்பது. அந்தப் பொறுப்பு, கண்டியில் ஸ்டூடியோ நடத்தும் அலவத்துகொட ருஷ்தாவுக்கு வழங்கப்பட்டது. அடையாள அட்டைப் படத்தில்கூட மனிதரை மனிதராகக் காட்டியவள் என்பது அவளுடைய தகுதி.

தேயிலைத் தோட்டத் தொழிலாளர் வரிசைவீடுகளான லயத்தின் அருகே குழாய் இருந்தது. முந்திய தேர்தலொன்றுக்காகக் கட்டப்பட்ட அழகான குழாய். தண்ணீர் வராது என்பதைத் தவிர அதில் ஒரு குறையும் சொல்வதற்கில்லை. மேட்டிலிருந்த தண்ணீர்த் தாங்கிக்கு எங்கிருந்தும் நீர் வந்து சேர வழியில்லை. பெண்கள் குடங்களோடு பள்ளத்தில் ஊற்றுநீர் விழும் பீலிக்குத்தான் இறங்கி ஏறினார்கள். அடுத்த வருடத் திட்டத்தில் தங்கள் லயத்துக்கு இணைப்பு உண்டு என்ற நம்பிக்கையில் முழங்கால்களைச் சமாதானப்படுத்தி வைத்திருந்தார்கள்.

"தண்ணி வராத குழாயடியில எப்படிப் படம் எடுக்கிற?" என்று கேட்டாள் ருஷ்தா.

"தண்ணி ஏத்தின பவுசர் லொறி வருது, தங்கச்சி. தாங்கியை நிரப்பிவிடுவம். படம் முடியுமட்டும் தண்ணி ஓடும்," என்றார் சஞ்சயன்.

"படம் முடிஞ்ச பிறகு?"

"பிறகு படம் இருக்கும்தானே!"

குழாய் திறக்கப்பட்டது. தண்ணீர் பாய்ந்தது. வேட்பாளர் புன்னகைத்தார். லயத்துப் பெண்களின் சார்பில் புஸ்பராணி வாளியை ஏந்தினாள். ருஷ்தா பொத்தானை அழுத்திய கணத்தில் புஸ்பராணி கண்ணை மூடிக்கொண்டாள்.

"வெயிலு கூசுதுங்க, தங்கச்சி. இன்னொன்னு எடுங்க."

அடுத்த படத்தில் ஒருத்தி தும்மினாள். அதற்கடுத்ததில் ஒருத்திக்குத் திடீரென்று வெட்கம் வந்து முதுகைக் காட்டினாள். ஒவ்வொரு படத்துக்கும் வாளி மாறியது.

"அந்தப் பச்சை வாளி எங்கை போனது?" என்று பதறினார் சஞ்சயன்.

"அது நெறஞ்சிருச்சுங்க ஐயா. வெறும் வாளி வச்சாத்தானங்க தண்ணி புடிக்கிற மாதிரி இருக்கும்?"

வாளிகள் போய்க் குடங்கள் வந்தன. குடங்கள் போய்ப் பானைகள் வந்தன. பானைகள் போய்க் கோயில் அண்டா வந்தது. "கன்னம் வலிக்குதுங்க," என்று வேட்பாளர் முனகினார். புன்னகையைக் கைவிட அவருக்கு அனுமதி கிடைக்கவில்லை. விஷயம் விளங்கிவிட்ட ருஷ்தா, தெளிந்த வெயிலைப் பார்த்து "வெளிச்சம் போதாது" என்று அறிவித்துவிட்டுக் கமராவின் கண்ணாடியை ஆற அமரத் துடைத்தாள்.

அண்டா நிரம்பித் தளும்பியபோது பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்களே, அது எவரும் சொல்லிக்கொடுக்காத சிரிப்பு. ருஷ்தா அழுத்தினாள். அவள் வாழ்நாளில் எடுத்தவற்றில் அதுவே சிறந்த படம். பவுசரின் சக்கரம்கூடத் தெரியாதபடி ஓரத்தைக் கவனமாக வெட்டியும் விட்டாள்.

சந்திரகுமார் வென்றார். அதன்பிறகு திட்டத்திலிருந்து லயத்தின் பெயர் காணாமற்போனது. உறுப்பினரைத் தேடினால், அவர் எப்போதும் கூட்டத்தில் இருந்தார். கடைசியில் புஸ்பராணி ருஷ்தாவையும் அழைத்துக்கொண்டு, நீர் விநியோகத்துக்குப் பொறுப்பான அதிகாரி விவேகானந்தனிடம் போனாள். அவருடைய மேசையில் அந்தப் படம் பெரிதாக்கி வைக்கப்பட்டிருந்தது.

"தண்ணி ஓடுது. நீங்களும் சிரிக்கிறியள். பிறகென்ன முறைப்பாடு?"

"அது பவுசர் தண்ணிங்க மாத்தயா."

"படத்தில பவுசர் இல்லையே?"

ருஷ்தா குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள்.

"தண்ணி வரேல்லை எண்டால் அதுக்கும் ஒரு படம் கொண்டு வாங்கோ," என்றார் அதிகாரி. நியாயமான மனிதர்.

மறுநாள் ருஷ்தா வறண்ட குழாயைப் படமெடுக்கப் போனாள். பெண்கள் தலைவாரி, நல்ல சேலை உடுத்து, கமராவைக் கண்டதும் பழக்கதோஷத்தால் பளீரென்று சிரித்தார்கள்.

"சிரிக்காதீங்க அக்கா! கொஞ்சம் வாட்டமா பாருங்க. வாளியைக் கவிழ்த்துப் பிடிங்க. இன்னும் கொஞ்சம் கவலையா..."

சொல்லும்போதே, சஞ்சயனின் குரல் தன் வாயிலிருந்து வருவதை ருஷ்தா கேட்டாள். ஆனாலும் நிறுத்தவில்லை. வெளிச்சம் நன்றாக இருந்தது.

விவேகானந்தன் இரு படங்களையும் அருகருகே வைத்து, தம் பதவிக்குரிய முழுப் பொறுப்புணர்வோடு ஆராய்ந்தார்.

"இரண்டாவது செயற்கையாக் கிடக்குது, பிள்ளை. சொல்லிக்குடுத்து நிப்பாட்டின மாதிரி. முதலாவதுதான் இயல்பு. அதைத்தான் நாங்கள் ஏற்கலாம்."

ருஷ்தாவுக்குக் கோபம் தலைக்கேறியது. அவள் வாயைத் திறப்பதற்குள் அதிகாரி தொடர்ந்தார்:

"உண்மையில் அருமையான படம். எங்கட ஆண்டறிக்கைக்கு அட்டைப்படமாப் போட யோசிக்கிறம். உங்களுக்கு ஆட்சேபனை இல்லையே?"

ருஷ்தா அந்தப் படத்தைத் தன் பக்கம் திருப்பிப் பார்த்தாள்.

"கீழே என் பேரும் வருமா?" என்று கேட்டாள் ருஷ்தா.

"ஓம், கட்டாயம்."

"அப்போ 'ருஷ்டா'ன்னு பிழையாப் போட்டுராதீங்க. ருஷ்தா. ஒரு தாளில எழுதித் தாரேன்."

புஸ்பராணி அவளை ஏறிட்டுப் பார்த்தாள். பிறகு மேசைப்பக்கம் மெல்லச் சாய்ந்து, தன் முகத்தின்மேல் விரலை வைத்தாள்.

"இந்த எடத்தக் கொஞ்சம் பெருசாப் போடுவீங்களா மாத்தயா? நமக்கும் ஒரு புத்தகம் குடுப்பீங்கதானே?"

அதிகாரி இரண்டுக்கும் சம்மதித்தார். மூவரும் மிகுந்த திருப்தியோடு விடைபெற்றார்கள். புஸ்பராணி மட்டும் கலஹா பஸ்ஸுக்கு ஓட்டமும் நடையுமாகப் போனாள். இருட்டுவதற்குள் பீலிக்கு இறங்கியாக வேண்டும்.