பொட்டு வைத்த சமையல் மேடை

கூலாயில் இருக்கும் லோகேஸ்வரன் மச்சானுக்கு, குளுவாங்கிலிருந்து வீரமுத்து வணக்கத்தோடு எழுதுவது. வீட்டில் எல்லாரும் சுகம்தானே? இங்கேயும் சுகம் என்றுதான் எழுத வேண்டும், எழுதிவிட்டேன்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன் மச்சான், ஐம்பது வயசு தாண்டிய ஆள் காருக்குப் பின்னால் குந்திக்கொண்டு டின்னில் அடைத்த சாடின் மீனைத் திருட்டுத்தனமாகத் தின்கிறேன். போனில் சொன்னால் உங்கள் தங்கச்சி காதில் விழும், அதனால்தான் கடிதம்.

விஷயம் சமையல் மேடை. கடையில் கல் வாங்க வேண்டாம், நானே சிமெண்டில் வார்த்துக் கண்ணாடி மாதிரி தேய்த்துத் தருகிறேன் என்று தனலெட்சுமியிடம் பெருமை பேசினேன். யூடியூப்பில் வெள்ளைக்காரன் பலகையில் அச்சு அடித்து அதற்குள் ஊற்றினான், நானும் அடித்தேன். ஊற்றப் போகும் நேரத்தில் உங்கள் தங்கச்சி மஞ்சளும் குங்குமமும் குழைத்துக்கொண்டு வந்து, "இருங்க, சாமி கும்பிடாம ஆரம்பிக்கலாமா?" என்று அச்சின் அடியில் மஞ்சள் பட்டை போட்டு, நடுவில் ரொட்டி சானாய் அளவுக்கு ஒரு பொட்டும் வைத்தாள். "அடியில தானே லா, யாரு பாக்கப் போறா" என்று நானும் விட்டுவிட்டேன். காய்ந்த பிறகுதான் ஞாபகம் வந்தது மச்சான், இதைக் குப்புறத்தான் வார்ப்பார்கள் என்று. அச்சில் அடியில் இருப்பதுதான் மேடைக்கு மேல் பக்கம். நாலு பேர் பிடித்துப் புரட்டினோம், அம்மன் நெற்றி மாதிரி எங்களைப் பார்த்தது. தேய்த்தால் போய்விடும் என்று மெஷினைப் போட்டேன். தேய்க்கத் தேய்க்கப் பொட்டுதான் பளபளக்கிறது.

சத்தம் கேட்டு வந்த பக்கத்து வீட்டுப் புஷ்பவள்ளி, "அலமாக், அண்ணே, அம்மாவே வந்துட்டா" என்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள். அதோடு போச்சு. இப்போது தினமும் மேடைக்குச் சூடம், செவ்வாய் வெள்ளியில் பூ.

"அம்மா நெத்தியில வெச்சு மீன் வெட்டச் சொல்றீங்களா? நாக்கு அழுகிப் போயிடும்" என்கிறாள் உங்கள் தங்கச்சி.

"வெளிய வெச்சு வெட்டேன்."

"கொழம்பு எங்க கொதிக்கும்? அம்மா பாத்துக்கிட்டு இருக்கா."

பார்த்துக்கொண்டிருப்பது நான்தான் மச்சான், கத்திரிக்காயை.

உங்கள் பேச்சை மட்டும்தான் அவள் கேட்பாள். ஞாயிற்றுக்கிழமை ஒரு எட்டு வந்து, சிமெண்டு சிமெண்டுதான் என்று சொல்லிவிட்டுப் போங்கள். இல்லாவிட்டால் கீரை தின்றே நான் பச்சையாகிவிடுவேன். உங்கள் வீட்டு மீன் குழம்புக்கு என்றைக்கும் குறை வராமல் முருகன் பார்த்துக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
உங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்
வீரமுத்து

பின்குறிப்பு: வர வேண்டாம் மச்சான். தபாலில் போடுவதற்குள் தனலெட்சுமியே அம்மனிடம் பூக்கட்டிக் கேட்டு, பொட்டின் மேல் துணி விரித்தால் மீன் வெட்டலாம் என்று உத்தரவு வாங்கிவிட்டாள். உடனே சந்தைக்குப் போய் முழுத் தெங்கிரி மீன் ஒன்று வாங்கி வந்து, ஓங்கி ஒரு வெட்டு வெட்டினேன். மேடை இரண்டாகிவிட்டது. மீனுக்கு ஒன்றும் ஆகவில்லை.